பயந்த பெண்ணின் கதை: வாசிப்பு நாட்குறிப்பு

2025 ஜூலை 11, வெள்ளி

கெர்ட்ருட் வான் லெ ஃபோர்ட் 1931இல் ஜெர்மனில் எழுதிய சின்ன நாவல், 'கொலைமேடையில் கடைசிப் பெண்'. ஆங்கில வழியாகப் படிக்கிறேன். பிரெஞ்சுப் புரட்சிக் காலம். எதைக் கண்டாலும் நடுங்கும் பிளான்ஷ், கொம்பியேன் ஊரின் கார்மேல் சபைக் கன்னியர் மடத்தில் சேர்கிறாள். வீர மங்கையாக யாரும் அவளைப் பாடப்போவதில்லை. அதனாலேயே எனக்குப் பிடித்துவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

பூசை முடிந்து வந்து நாவலின் பின்னால் இருக்கும் உண்மை வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1790 பிப்ரவரியில் அரசு துறவற மடங்களைக் கலைத்தது. அதிகாரிகள் ஒவ்வொரு கன்னியரையும் தனியாக அழைத்து, "வெளியே போக விருப்பமா?" என்று கேட்டார்கள். எல்லோரும் மடத்திலேயே இருப்போம் என்றார்கள். 1792 செப்டம்பரில் வெளியேற்றியே விட்டார்கள். அப்புறம் துறவு உடை கிடையாது. சாதாரண உடையில், நான்கு குழுக்களாக, அதே ஊரில் வாடகை வீடுகளில் இருந்துகொண்டு செபத்தை விடாமல் நடத்தினார்கள். கைதாகும் வரை ஏறக்குறைய இரண்டு வருடம்! கொலைமேடையைவிட இந்த இரண்டு வருடம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நாவல் இங்கே இன்னும் நின்றிருக்கலாம்.

நாட்டில் அமைதி வரத் தங்களையே பலியாக ஒப்புக்கொடுப்போம் என்று மடத்தலைவி தெரேசா சொன்னபோது, மூத்த கன்னியர் இருவர் தலையைத் துண்டிக்கும் கில்லட்டின் எந்திரத்தை நினைத்து அரண்டு மறுத்துவிட்டார்கள். அன்றைக்கே திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டுச் சேர்ந்துகொண்டார்கள். பிளான்ஷ் கற்பனைப் பாத்திரம்தான், ஆனால் அவளுடைய பயம் அந்த மடத்தில் நிஜமாகவே இருந்தது.

ஜூலை 17, வியாழன்

1794இல் இதே தேதியில்தான் பாரிஸில் அந்த மடத்தைச் சேர்ந்த 16 பேரையும் கொன்றார்கள். வண்டியில் போகும்போது, நாங்கள் செபமாலை முடிவில் சொல்லும் கிருபைதயாபத்து செபத்தை அவர்கள் லத்தீனில் பாடினார்கள். இளையவர் கான்ஸ்டன்ஸ் முதலில் கொலைமேடை ஏறினார். வார்த்தைப்பாடு, அதாவது துறவற உறுதிமொழி, எடுக்க 1789இலேயே தடை வந்ததால் அத்தனை வருடமும் பயிற்சி நிலையில் நவகன்னியாகவே இருந்தவர். மடத்தலைவி கடைசியில் ஏறினார். பத்தே நாளில் புரட்சித் தலைவர் ரோபெஸ்பியரின் ஆட்சி கவிழ்ந்தது. இதைப் படிக்கும்போது வயிறு எரிகிறது.

நாவலில், தப்பி ஓடிய பிளான்ஷ் கூட்டத்திலிருந்து வெளிப்பட்டு, நின்றுபோன பாட்டைத் தொடர்ந்து பாடுகிறாள். உயிர்த்தியாகத்துக்குத் துடித்த இன்னொரு கன்னியான மரிதான் உயிர் பிழைக்கிறாள். இது கற்பனையில்லை, நிஜ மரியும் மற்றவர்கள் கைதானபோது உடன் இல்லாததால் பிழைத்தார். நடந்ததை எழுதிவைத்தவரும் அவரே. அடுத்து அந்தக் குறிப்புகளைப் படிக்க வேண்டும், முக்கியமாக அந்த வாடகை வீட்டு நாட்களுக்காக.