எட்டு லட்டு

நவம்பர் 3, 2024, ஞாயிறு

தீபாவளி லட்டு டப்பாவில் எட்டு மிச்சம் இருந்தது. எண்ணியதும் வாய் தானாகவே குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் லட்டுப் பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டது. எட்டையும் ஒரு வட்டத் தட்டில் வைத்துப் பேரனைக் கூப்பிட்டேன்.

அவனுக்கு மூன்றரை வயது. 'ட்டு' இன்னும் வாயில் வரவில்லை. தட்டு 'தத்து', லட்டு 'லத்து'. மகளுக்கு அது ஒரு கவலை. அந்தப் பாட்டிலோ வரிக்கு வரி 'ட்டு'தான் முடிவு: தட்டு, லட்டு, எட்டு, கிட்டு, பட்டு. நாக்கு மேலே ஒரு தரம் தொட்டு இறங்குவதற்குள் அடுத்த வரி வந்துவிடுகிறது. நாற்பது வருஷமாகப் பாடுகிறேன், இன்றைக்குத்தான் இது எனக்குப் பிடிபட்டது.

நவம்பர் 4, திங்கள்

இன்றும் 'லத்து'தான். தட்டில் ஐந்து பாக்கி.

நவம்பர் 5, செவ்வாய்

மதியம் பழைய புத்தகங்களைத் துடைத்து அடுக்கும்போது வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' பாட்டுப் புத்தகம் கையில் கிடைத்தது. அப்புறம் வேலை எங்கே ஓடும்?

1944-ல் முதலில் வந்தபோது அதில் 23 பாட்டுதான். அதற்கு முன்பே அவர் 'சக்தி' பத்திரிகை நடத்திய வை. கோவிந்தனின் காரியாலயத்தில் காசாளராக இருந்திருக்கிறார். அங்கே எழுத்தாளர் தி.ஜ.ர. அவரை எழுதச் சொல்லித் தூண்டியிருக்கிறார். பிறகு இந்தியன் வங்கி வேலை.

நானும் வங்கிக் கவுண்டரில் முப்பது வருஷம் இருந்தவள். சாயங்காலம் கணக்கில் பத்து ரூபாய் உதைத்தாலும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. அப்படி ஒரு பிழைப்புக்கு நடுவில், சின்னப் பிள்ளைக்கு எந்தச் சொல் வாயில் நிற்கும், எது சிரிக்க வைக்கும் என்று ஒரு மனுஷர் வாழ்நாள் முழுக்க யோசித்திருக்கிறார். தான் எழுதினால் மட்டும் போதாது என்று 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கி மற்றவர்களையும் எழுத வைத்தார். ஓய்வு பெற்ற பிறகும் 'கோகுலம்' சிறுவர் பத்திரிகையின் ஆசிரியராகப் பிள்ளைகளோடுதான் இருந்தார்.

லட்டுப் பாட்டிலும் கணக்கு நேராகிவிடுகிறது. கிட்டுவுக்கு நாலு, பட்டுவுக்கு நாலு, தட்டு காலி. காசு எண்ணிய கை எழுதியது என்று எனக்குத் தோன்றும்.

நவம்பர் 7, வியாழன்

இன்று அவர் பிறந்தநாள். 1922-ல், இங்கே புதுக்கோட்டைச் சீமையில் ராயவரத்தில் பிறந்தவர்.

பேரனை விடப் போனபோது மழலையர் வகுப்பில் அவருடைய மாம்பழப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தைகூடத் தடுமாறவில்லை. யார் எழுதியது என்று கேட்டேன். "பழைய பாட்டும்மா" என்றது அந்த டீச்சர் பெண். மனசு வலித்தது. அவள் மேல் குற்றமில்லை, அவளுக்கும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

அவளிடம் கேட்டுக்கொண்டு கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்: அழ. வள்ளியப்பா. எழுத்துக்கூட்டிப் படித்த ஒரு வாண்டு, "அழுவாரா?" என்றாள். வகுப்பே சிரித்தது. அது அவர் அப்பா அழகப்பர் பெயரின் முதலெழுத்து என்று சொன்னேன். அப்புறம் எல்லாருமாகச் சேர்ந்து, அழ. வள்ளியப்பா, அழ. வள்ளியப்பா என்று ராகம் போட்டுக் கத்தினார்கள். டீச்சரும் சேர்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பேரன் பாடினான். பாட்டுக்குள் 'எட்டு' சுத்தமாக வந்தது! பாடி முடித்ததும், "அம்மாச்சி, லத்து வேணும்" என்றான்.

கடைசி லட்டு. பிட்டு இரண்டாக்கி, பெரிய பாதியை என் கையில் வைத்தான்.