பாபநாசத்திலிருந்து சிங்கப்பூருக்கு: இருவர் குடித்தனத்தின் வரவு செலவு

என் மனைவிக்குச் சிங்கப்பூரில் மாதம் 6,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளத்தில் வேலை உறுதியானதும், தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் உறவினர்கள் முதலில் செய்த காரியம் ஒரு வெள்ளிக்கு அறுபத்தைந்து ரூபாய் என்று அந்தத் தொகையைப் பெருக்கிப் பார்த்ததுதான். நான்கு இலட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டிய விடை வந்ததும் பேச்சு முடிந்துபோனது. அரிசி ஆலையில் பல ஆண்டுகள் கணக்கு எழுதியவன் என்பதால் எனக்குச் செலவுப் பக்கம்தான் முதலில் கண்ணில் படும். ஆகவே, புறப்படும் முன்பே எங்கள் ஊர்க் குடித்தனத்தின் மாதச் செலவை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன்.

அந்தச் செலவு இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. அப்படி அடங்கியதே எனக்கு ஐயத்தைக் கிளப்பியது. அப்பா கட்டிய வீட்டில் இருந்ததால் வாடகை என்ற வரியே நோட்டில் இல்லை. ஆறு மா (இரண்டு ஏக்கர்) நிலத்துக்கு வரும் குத்தகை நெல்லை அவித்து அரைத்துக்கொண்டதால் அரிசிக்கும் வரி இல்லை. தேங்காயும் வாழைக்காயும் முருங்கையும் கொல்லையில் கிடைத்தன, தண்ணீர் சொந்த ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வந்தது, மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. இருவருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்தால் அம்மா சமைத்துவிடுவார். டெல்டாவில் நிலமும் வீடும் உள்ள குடும்பத்தின் உண்மையான வாழ்க்கைச் செலவு இப்படி எழுதப்படாத வரிகளில்தான் இருக்கிறது. வெளிநாட்டில் அவை ஒவ்வொன்றும் பில்லாக வரும். அதனால், சம்பளத்தை ரூபாயாக மாற்றுவதை விட்டுவிட்டு, சிங்கப்பூர்ச் சம்பளத்துக்கு எதிரே சிங்கப்பூர்ச் செலவை மட்டுமே வெள்ளியில் எழுதுவது என்று முடிவு செய்தோம்.

முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது, வரவு ஒருவருடையதா இருவருடையதா என்பதே. எம்பிளாய்மெண்ட் பாஸ் என்ற வேலை அனுமதி வைத்திருப்பவர் துணையை டிபெண்டன்ட் பாஸ் என்ற குடும்பத்தினருக்கான அனுமதியில் அழைத்துக்கொள்ள, அவருடைய நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளியாக இருக்க வேண்டும். அந்த வரம்பை என் மனைவி சற்றுத்தான் தாண்டியிருந்தார். டிபெண்டன்ட் பாஸில் செல்பவர் ஒரு நிறுவனத்தில் வேலை செய்ய விரும்பினால், 2021 மே 1 முதல் தனியாக வேலை அனுமதி பெற்றாக வேண்டும். 'போய் நீயும் ஏதாவது ஒரு வேலையில் சேர்ந்துகொள்ளலாம்' என்று நல்லெண்ணத்துடன் சொன்ன மாமாவுக்கு இந்த விதியை விளக்கவே ஒரு மாலைப்பொழுது போயிற்று. என் ஊதியம் நின்றுவிடும் என்பதைச் செலவாகவே எழுதினேன். ஒருவர் சம்பளத்தில் இருவர் வாழ்வது என்பதே கணக்கின் அடிப்படையானது.

ஆவண வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருமணப் பதிவுச் சான்றிதழிலும் கடவுச்சீட்டுகளிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். இனிஷியலை விரித்து எழுதும் இடத்தில்தான் நம் பக்கத்து ஆவணங்கள் ஒன்றோடொன்று முரண்படும். வேலைக்காக வெளிநாட்டில் குடியேறுபவர் ஊர் வங்கியிலுள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பதால் அதற்கான படிவத்தையும் பெற்றுக்கொண்டோம்.

பணம் உண்மையில் நெருக்குவது முதல் இரண்டு மாதங்களில்தான். சம்பளம் மாதம் முடிந்த பிறகே கைக்கு வரும், செலவோ விமான நிலையத்தில் இறங்கிய நாளிலேயே தொடங்கிவிடும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடு ஒன்றில், உரிமையாளர் குடும்பத்தோடு ஓர் அறையை மாதம் 1,400 வெள்ளிக்கு, தண்ணீரும் மின்சாரமும் சேர்த்து, ஓராண்டுக்கு எடுத்தோம். முன்பணமாக ஒரு மாத வாடகை, முதல் மாத வாடகை, முகவருக்கு அரை மாதத் தொகை ஆகியவற்றோடு ஒப்பந்தத்துக்கான முத்திரை வரியும் சேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்கு மேற்படாத ஒப்பந்தத்தில் இந்த வரி மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, எங்களுக்கு 67 வெள்ளி. அறை அமையும்வரை தங்கிய விடுதி, பாத்திரங்கள், படுக்கை விரிப்புகள், பேருந்து அட்டை என்று எல்லாவற்றையும் கூட்டினால் ஆறாயிரம் வெள்ளியை ஒட்டி வந்தது. அதாவது, கையில் நான்கு இலட்சம் ரூபாய் இல்லாமல் கிளம்பக் கூடாது என்பதே எங்கள் முடிவு. அந்தத் தொகையைக் கும்பகோணத்தில் நகையை அடகு வைத்துத்தான் திரட்டினோம், எனவே நகைக்கடன் வட்டியும் குடிபெயர்வுச் செலவுதான். இதை யாரும் தம் கணக்கில் சேர்ப்பதாகத் தெரியவில்லை.

முழு வீடு எடுத்திருந்தால் வாடகை ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருக்கும். கூடவே தண்ணீர், மின்சார பில்களும் தனியே வந்திருக்கும். அங்கே குழாய்த் தண்ணீர் ஒரு கன மீட்டருக்கு மூன்று வெள்ளிக்கு மேல் விலை. ஆயிரம் லிட்டருக்கு இருநூறு ரூபாய் என்று கேட்டதும் அப்பா மோட்டாரை அணைக்கப் போய்விட்டார். கழக வீடுகளில் ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விட அனுமதியில்லை. சொத்து முகவர்கள் கழக வீட்டு வாடகைப் பணத்தைத் தம் கையில் வாங்கவும் கூடாது. ஆகையால், முன்பணத்தை முகவரிடம் கொடுக்கச் சொன்ன ஒரு இடத்தை மறுபேச்சின்றி விட்டுவிட்டு, உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகச் செலுத்தும் இடத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

அறை தேடும்போது வாடகைக்கு அடுத்தபடியாகக் கேட்க வேண்டிய கேள்வி, சமைக்கலாமா என்பது. பல விளம்பரங்களில் 'லைட் குக்கிங்' மட்டும் அனுமதி என்றிருக்கும். வெங்காய வடகத்தைத் தாளிப்பது அதில் அடங்குமா என்று நேரில் கேட்டே உறுதி செய்துகொண்டோம், ஏனென்றால் மாதச் செலவின் பெரும்பகுதி அந்த ஒரு விடையில்தான் தொங்கியது. உணவங்காடி நிலையத்தில் ஒரு வேளைச் சாப்பாடு 4 முதல் 6 வெள்ளி, தேநீர் ஒன்றரை வெள்ளி அளவில் ஆகும். இருவரும் மூன்று வேளையும் வெளியில் சாப்பிட்டால் மாதம் ஆயிரம் வெள்ளியை நெருங்கும். வீட்டில் சமைத்து, மனைவி மதியத்துக்கு டப்பா கொண்டுசென்று, வார இறுதியில் மட்டும் வெளியில் சாப்பிடும் எங்களுக்கு 650 வெள்ளி போதுமானதாக இருக்கிறது. பொன்னிப் புழுங்கலரிசி, துருவிய தேங்காய், கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, ஏன் வாழை இலைகூட லிட்டில் இந்தியா வட்டாரத்திலுள்ள தேக்கா சந்தையில் கிடைக்கும். ஆனால் கொல்லையில் பறித்த கையால் முருங்கைக்கீரையை எடை போட்டு வாங்குவதற்குச் சிறிது மனப்பக்குவம் தேவைப்படுகிறது. 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடாக உள்ள பொருள் சேவை வரி, மளிகைப் பொருள்களுக்கும் உண்டு.

ஊரிலிருந்து அரிசி பருப்பைச் சுமந்து செல்வது வீண். திருச்சியிலிருந்து செல்லும் மலிவுக் கட்டண விமானங்களில் கூடுதல் பெட்டிக்குத் தரும் தொகையில் அங்கேயே அவற்றை வாங்கிவிடலாம். மிக்ஸியும் குக்கரும் கொண்டுசென்றது பயன்பட்டது. அங்கும் 230 வோல்ட் மின்சாரம் என்பதால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். போக்குவரத்துக்கு இருவருக்கும் சேர்த்து 200 வெள்ளி அளவிலும், இரண்டு தொலைபேசிகளுக்கு 50 வெள்ளிக்குள்ளும் முடிகிறது. இவற்றில் மிச்சம் பிடிக்க அதிகம் இல்லை.

மருத்துவம் அப்படியல்ல. வெளிநாட்டவருக்கு அரசு மருத்துவமனைகளிலும் மானியம் கிடையாது. எம்பிளாய்மெண்ட் பாஸ் ஊழியருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துத் தரச் சட்டம் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்துவதில்லை. எடுத்துத் தந்தாலும் துணையையும் சேர்த்திருக்கிறார்களா என்பதை வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்க வேண்டும். மனைவியின் நிறுவனம் அவருக்கு மட்டுமே தந்தது, எனக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்ந்தோம். பல், கண்ணாடி சம்பந்தமான வேலைகளைத் தஞ்சாவூரிலேயே முடித்துக்கொண்டு கிளம்பியது அதனால்தான்.

ஊர்ச் செலவு ஊரோடு நின்றுவிடுவதில்லை. நகைக்கடன் தவணை, எல்.ஐ.சி. பிரீமியம், பெற்றோரின் மருந்து ஆகியவற்றுக்கும் மேலாக, உறவினர் விசேஷங்களுக்குச் செய்ய வேண்டிய செய்முறை இருக்கிறது. சிங்கப்பூரில் இருப்பவர் வைக்கும் மொய், உள்ளூரில் இருந்தபோது வைத்ததைவிடக் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஒரு தொகையை முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டு, அதை மீறாமல் அப்பாவின் கையால் செய்விக்கிறோம். பொங்கல், தீபாவளி நாட்களில் திருச்சி விமானக் கட்டணம் ஏறிவிடுவதால் விழாவுக்கு வருவதைவிட, குறுவை அறுவடைக்குப் பிந்திய சாதாரண வாரங்களில் வந்துபோவது மலிவாக அமைகிறது.

சேமிப்பைப் பற்றி ஒன்று. அங்குள்ள மத்திய சேம நிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வெளிநாட்டு ஊழியரின் சம்பளத்தில் அந்தப் பிடித்தம் இல்லாததால் 6,500 வெள்ளியும் ஏறக்குறைய முழுதாகக் கைக்கு வரும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இந்தியாவில் ஓடிக்கொண்டிருந்த பி.எப். நின்றுபோகும். வருமான வரியும் மாதாமாதம் பிடிக்கப்படுவதில்லை. ஓர் ஆண்டின் வருமானத்துக்கு அடுத்த ஆண்டில் ஒரே நோட்டீஸாக வரும். முழு ஆண்டுச் சம்பளம் 78,000 வெள்ளியில், வேலை வருமானத்துக்கான 1,000, வருமானமில்லாத துணைக்கான 2,000 ஆகிய கழிவுகள் போக எஞ்சும் 75,000 வெள்ளிக்கு, வரிக் குடியிருப்பாளர் விகிதப்படி 3,000 வெள்ளி வரி வருகிறது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோ முறையில் வட்டியின்றிப் பன்னிரண்டு தவணைகள் வரை பிரித்துக் கட்டலாம் என்றாலும், முதல் சம்பளத்திலிருந்தே மாதம் 250 வெள்ளியை வரிக்கென்று தனிக் கணக்கில் ஒதுக்குகிறோம். நகைக்கடன் தீர்ந்ததும் அதன் தவணைத் தொகையை நின்றுபோன பி.எப்.புக்கு ஈடாகச் சேமிப்பதென்று நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.