உவேனோவில் ஓர் ஊதா நிழல்

டோக்கியோவின் உவேனோ பூங்காவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தேசிய அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடுவார்கள். அதைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் பழுப்பு ஓடு பதித்த ஒரு பழைய கட்டடம் இருக்கிறது: குரோதா செய்கி நினைவகம். கட்டணம் கிடையாது. ஆனால் முக்கியமான ஓவியங்கள் உள்ள சிறப்பு அறையை ஆண்டுக்கு மூன்று முறை, இரண்டிரண்டு வாரம்தான் திறக்கிறார்கள். வசந்த காலத் திறப்பைக் கணக்குப் பண்ணித்தான் டிக்கெட்டே போட்டேன்.

குரோதா ஜப்பானிய ஓவியர், 1866இல் ககோஷிமாவில் சாமுராய் குடும்பத்தில் பிறந்தவர். சட்டம் படிக்க 1884இல் பிரான்சுக்குப் போனவர், அதை விட்டுவிட்டு ரஃபேல் கொலன் என்ற ஓவியரிடம் சேர்ந்துவிட்டார். 1893இல் ஊர் திரும்பும்போது என்ன கொண்டுவந்தார் என்று கேட்டால், நிழலை என்றுதான் சொல்வேன். அதுவரை ஜப்பானில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தவர்களின் நிழல்கள் பெரும்பாலும் பழுப்பும் கறுப்பும்தான். இவரும் நண்பர்களும் வெயிலில் நின்று பார்த்து, நிழலுக்குள் இருக்கும் நீலத்தையும் ஊதாவையும் தீட்டினார்கள். அதனாலேயே இவர்களுக்கு 'ஊதாக் கட்சி' என்று பெயர் வந்தது, பழையவர்களுக்கு 'பிசின் கட்சி'.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன், ஆனாலும் அவருடைய 'ஏரிக்கரை' ஓவியத்தின் முன்னால் நின்றபோதுதான் புரிந்தது. 1897இல் ஹகோனேயில், அஷி ஏரியோரம் வரைந்தது. யுகாத்தா என்ற மெல்லிய கோடை உடை உடுத்து, கையில் விசிறியோடு உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் பிற்பாடு அவர் மனைவியானார். எண்ணெய் வண்ணமா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லிய பூச்சு, மலையும் தண்ணீரும் அவள் உடையும் ஒரே நீலத்தில் கரைந்துகொண்டிருக்கின்றன. கை பிரான்சில் பழகியது, அந்த ஈரக் காற்று ஹகோனேயுடையது. இருபது நிமிடம் நகரவே இல்லை.

அதே அறையில், தங்க நிறப் பின்னணியில் மூன்று நிர்வாணப் பெண்கள். 1900 பாரிஸ் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் வாங்கிய படம். சொந்த நாட்டில் அவர் பட்டது வேறு. கண்ணாடி முன் நிர்வாணமாக நிற்கும் பெண்ணை வரைந்த 'காலை ஒப்பனை'யை 1895இல் கியோத்தோவில் வைத்தபோது பெரிய சர்ச்சை. 1901இல் வேறொரு நிர்வாணப் படத்தின் கீழ்ப்பாதியைப் போலீஸ் துணி கட்டி மறைக்க வைத்தது. 'காலை ஒப்பனை' இரண்டாம் உலகப் போரில் எரிந்தும் போனது. அதை இனி யாரும் நேரில் பார்க்க முடியாது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

1924இல் இறந்தவர், சொத்தில் ஒரு பகுதியைக் கலைக்கென்று எழுதிவைத்தார். அந்தப் பணத்தில் 1928இல் எழுந்ததுதான் இந்தக் கட்டடம். கடைசியாக அவர் வரைந்தது 'பிளம் தோப்பு', நோய்ப் படுக்கையில் கிடந்த வருடத்தில். சின்னப் படம். ஏரிக்கரையின் நிதானம் எதுவும் இல்லை, பூக்களை அள்ளி அப்பியிருக்கிறார், அவசர அவசரமாக.