20 செக்கன் வேலை, 10 செக்கன் ஓய்வு

உடற்பயிற்சி வகுப்புக்குப் போகத் தொடங்கி 11 கிழமை ஆகிறது, அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி எது என்று யாராவது கேட்டால் அந்த 10 செக்கன் ஓய்வு என்றுதான் சொல்வேன். இதைச் சொன்னால் எங்கள் அலுவலகத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் எனக்கு இது சிரிக்கிற விஷயம் இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு 43 வயது. பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடியதற்குப் பிறகு வியர்க்க வியர்க்க எதையும் செய்தது கிடையாது. இந்த வருடத் தொடக்கத்தில் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சீனி 112 என்று வந்தது. 100க்குக் கீழே இருந்தால் பயமில்லை, 126ஐத் தொட்டால் சீனி வருத்தம் என்றே எழுதிவிடுவார்கள், நான் இரண்டுக்கும் நடுவில் நின்றேன். என் அம்மா கடைசி ஆறு வருடம் அந்த வருத்தத்தோடு காலில் ஆறாத புண்ணுக்கு மருந்து கட்டிக்கட்டியே போனவர், அந்தப் பரிசோதனைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நிலையை அதிகம் விளக்கத் தேவையில்லை. பின்னேரங்களில் மட்டக்களப்பு கல்லடிப் பழைய பாலத்தில் மச்சாளோடு நடப்பேன் என்று டொக்டரிடம் சொன்னேன். "கதைச்சுக் கதைச்சு நடக்கிறது நல்லது, ஆனா அது காணாது, கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம் மூச்சு வாங்கிற மாதிரி ஏதாவது செய்யுங்க" என்றார். இதயத்தையும் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார். 40 தாண்டியவர்கள் அந்தப் பரிசோதனையைச் செய்யாமல் இதில் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் போனது வேறொரு இடம், பெயர் வேண்டாம். உள்ளே போனதும் பெரிய சத்தத்தில் பாட்டு, முன்னால் நின்ற இளைஞர் "நிப்பாட்டக் கூடாது, நிப்பாட்டக் கூடாது" என்று கத்திக்கொண்டே இருந்தார், நான் முதல் நாள் வந்தவள் என்பதை ஒருவரும் கேட்கவில்லை. பர்பி என்று ஒன்று, குந்தி, கையை நிலத்தில் ஊன்றி, காலைப் பின்னால் எறிந்து, ஒரு தண்டால் எடுத்து, திரும்ப எழும்பிக் குதிக்க வேண்டும். பக்கத்தில் நின்ற 20 வயதுப் பிள்ளைகளுடன் சேர்ந்து நானும் செய்தேன். எத்தனை செய்தேன் என்று தெரியாது, கண் இருட்டிக்கொண்டு வந்தது, வெளியே படியில் வந்து உட்கார்ந்து தலையை முழங்காலுக்குள் வைத்துக்கொண்டேன். அடுத்த மூன்று நாளும் படி ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரும்பாடு, கழிவறையில் குந்தி எழும்பச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. கட்டிய மாதக் காசை விட்டுவிட்டு அந்தப் பக்கமே போகவில்லை. எனக்கு இது சரிவராது, என் உடம்பு முடிந்துவிட்டது என்று ஒரு மாதம் முழுக்க நினைத்திருந்தேன், அந்த ஒரு மாதத்தைத்தான் அந்த இடத்தை நினைக்கும்போது மன்னிக்க முடியாமல் இருக்கிறது.

இப்போது போகிற வகுப்பு கல்லடியில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில். சின்ன மண்டபம், பெண்கள் மட்டும், 15 பேர் வரை வருவோம், திங்கள், புதன், வெள்ளி பின்னேரம் 5 மணிக்கு. காத்தான்குடியிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள், ஒருவருக்கு என் வயது, மற்றவர் அவருடைய மருமகள். சொல்லித்தருகிறவரை எல்லோரும் மிஸ் என்கிறோம், என்னைவிட மிகவும் இளையவர்தான். முதல் நாள் என்னை வாங்கில் உட்காரவைத்து என்ன வருத்தம், என்ன மருந்து, முழங்கால் எப்படி, பிள்ளைப்பேறு எப்படி நடந்தது என்று எல்லாம் கேட்டு எழுதினார். பிறகு சொன்னார், "அக்கா, இஞ்ச ஒருத்தரும் ஒருத்தரையும் பாத்துச் செய்யிறதில்ல. உங்கட மூச்சைப் பாத்துச் செய்யுங்க."

மூச்சைப் பார்ப்பது என்றால் என்ன என்பதற்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. நடுவில் திடீரென்று வந்து "அக்கா, இண்டைக்கு என்ன கறி?" என்பார். முழுக் கறியையும் பக்குவத்தோடு சொல்ல முடிந்தால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம். "மீன்... சொதி..." என்று இரண்டு சொல் வந்தால் அதுதான் சரியான இடம். ஒரு சொல்லும் வராவிட்டால் அளவைத் தாண்டிவிட்டோம், அந்த இடத்திலேயே நடைக்கு மாற வேண்டும். நாடியைப் பிடித்து எண்ணவும் காட்டித்தந்தார். 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு, எனக்கு 177, அதில் எண்பது வீதம் என்றால் 142 அளவில் வரும், அதாவது 10 செக்கனில் 24 துடிப்பு. இது பொதுக் கணக்குத்தான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படி அப்படி இருக்கும், அதனால் கறியின் கணக்கைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

தொடக்கத்தில் எங்களுக்கு 20 செக்கன் வேலை, 40 செக்கன் ஓய்வு. ஸ்குவாட் என்கிற குந்தி எழும்புதல், வாங்கில் கை ஊன்றித் தண்டால், முழங்காலைத் தூக்கி இடத்திலேயே ஓட்டம், முழங்கையை ஊன்றி உடம்பை நேராகப் பிடிக்கிற பிளாங்க், இந்த நான்கையும் திரும்பத் திரும்ப. நாலாவது கிழமையில் 30க்கு 30. இப்போது இரண்டு கிழமையாகத்தான் 20க்கு 10, அதுவும் கடைசி நான்கு நிமிடத்துக்கு மட்டும், மற்றதெல்லாம் பழைய கணக்கிலேயே. இந்த 20க்கு 10 எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். ஜப்பானில் வேகப் பனிச்சறுக்கு (ஸ்பீட் ஸ்கேட்டிங்) அணியின் பயிற்சியாளர் இரிசாவா என்பவர் தன் வீரர்களுக்குக் கொடுத்துவந்த முறை, அதை இசுமி தபாதா என்ற ஆய்வாளர் அளந்து பார்த்து 1996இல் வெளியிட்டார். கிழமைக்கு 5 நாள், 6 கிழமை. ஆனால் அதைச் செய்தவர்கள் நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்கள், நிலையான சைக்கிளில், ஏழெட்டுச் சுற்றில் இனி ஒரு மிதிகூட ஏலாது என்கிற அளவுக்கு மிதித்தார்கள். 'நாலு நிமிசம் போதும்' என்று வீடியோக்களில் சொல்லும்போது இந்தப் பகுதியைச் சொல்வதில்லை. பர்பியும் அப்படித்தான். 1930களில் ரோயல் பர்பி என்ற அமெரிக்கர், ஒரு ஆளின் உடல்நிலையை விரைவாக அறிய உண்டாக்கிய சோதனை அது, குந்து, காலைப் பின்னால் கொண்டுபோ, திரும்பக் கொண்டுவா, எழும்பு, அவ்வளவுதான். தண்டாலும் குதிப்பும் பிறகு சேர்ந்தவை. அதைப் படித்த அன்று எனக்குக் கோபமே வந்தது. இப்போது நான் வாங்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக வைத்துத்தான் பர்பி செய்கிறேன், அதிலேயே கறியின் பெயர் இரண்டு சொல்லுக்கு மேல் வருவதில்லை.

சரி, அந்த ஓய்வுக்கு வருகிறேன். முதல் கிழமைகளில் 40 செக்கன் ஓய்வில் எனக்கு நிற்கவே தெரியவில்லை. போத்தலை எடுத்து வைப்பேன், பாயை நேராக்குவேன், மற்றவரின் துவாயை மடித்துவிடுவேன். மிஸ் பார்த்துவிட்டு, "அக்கா, ஓய்வும் பயிற்சிதான், அதைச் சரியாச் செய்யுங்க, சும்மா நில்லுங்க" என்றார். சும்மா நில்லுங்க என்று என்னிடம் ஒருவர் சொல்லி எத்தனை வருடம். காலை 4.30க்கு எழும்பி இடியப்பம் அவித்து, பிள்ளைகளை அனுப்பி, அலுவலகம் போய், வந்து, மாமிக்குத் தண்ணி சுடவைத்து, இரவு பத்தரைக்குப் படுக்கும்வரை யாராவது ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள், கேட்காவிட்டாலும் நானே ஒன்றைத் தேடிப் பிடிப்பேன். இங்கே மட்டும் நான் நிற்பது என் கடமை.

அதற்கு உடம்புக்குள் ஒரு காரணமும் இருக்கிறது. முழு வேகத்தில் வேலை செய்யும் தசை முதலில் செலவழிப்பது தனக்குள் வைத்திருக்கும் கிரியேட்டின் பொஸ்பேட் என்ற சக்திச் சேமிப்பை, அது சில செக்கன்களிலேயே குறைந்துவிடும், நின்றால் அரை நிமிடத்தில் ஏறத்தாழப் பாதி திரும்பி வரும். ஓய்வைத் தின்றுவிட்டால் அடுத்த சுற்று வெறும் இழுபறி, வேகம் இருக்காது. வேலை செய்கிற தசை இன்சுலினுக்குக் காத்திராமலே இரத்தத்தில் உள்ள சீனியை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று மிஸ் சொன்னபோது எனக்கு அம்மாவின் நினைவு வந்தது, அன்றைக்கு ஒரு சுற்றும் விடாமல் செய்தேன்.

முன்னேற்றம் எனக்குத் தெரிந்ததும் ஓய்வில்தான். முதல் கிழமை ஒரு சுற்று முடிந்து நாடி பார்த்தால் 10 செக்கனில் 26, ஒரு நிமிடம் கழித்து 24. போன வெள்ளி 25இல் நின்றது, ஒரு நிமிடத்தில் 20க்கு இறங்கிவிட்டது. நிறை 11 கிழமையில் 2 கிலோகூடக் குறையவில்லை, அதை எதிர்பார்த்து வந்த இருவர் நின்றும்விட்டார்கள். நாடியை எண்ணிப் பார்த்திருந்தால் நின்றிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நோவு வரும். இரண்டாம் நாள்தான் கூட, மூன்றாம் நான்காம் நாள் தானாக அடங்கும், மெல்ல நடந்தால் நல்லது. ஆனால் தசை வீங்கி, சிறுநீர் கடும் தேத்தண்ணி நிறத்தில் போனால் அது சாதாரண நோவு இல்லை, தசை உடைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதை மிஸ் வகுப்பில் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிவிடுகிறார்.

அப்புறம் இந்த ஊர் வெக்கை. கச்சான் என்கிற சூடான தென்மேற்குக் காற்று வீசுகிற நாட்களில் மண்டபத்துக்குள் அடுப்படி மாதிரி இருக்கும், காற்று நின்றுவிட்டால் வாவிப் பக்கத்து ஈரம், வியர்வை காயாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும், காயாத வியர்வை உடம்பைக் குளிர்த்தாது. அந்த நாட்களில் மிஸ் சுற்றுகளைக் குறைத்துவிடுவார். தேசிக்காய்த் தண்ணியில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கொண்டுபோகிறேன். மூன்றரைக்கு ஒரு வாழைப்பழமோ ஒரு பிடி அவித்த கடலையோ, இரவு குரக்கன் பிட்டும் மீன் கறியும். வெறும் வயிற்றோடும் போய்ப் பார்த்தேன், மத்தியானச் சோற்றோடும் போய்ப் பார்த்தேன், இரண்டும் கூடாது.

மாமிக்கு முதலில் பிடிக்கவில்லை. "பொம்புள புள்ள இந்த வயசில துள்ளிக் குதிக்கிறதா கா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. இப்போது திங்கள் புதன் வெள்ளி நாலரைக்கு அவரே மணிக்கூட்டைப் பார்த்து, "புள்ள, வெளிக்கிடல்லயா?" என்கிறார். தண்ணியை மகன் சுடவைக்கிறான்.

போன புதன்கிழமை கடைசி நான்கு நிமிடத்தில், மூன்றாவது சுற்றில், கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்றது, பாட்டு நின்றது, செக்கன் கணக்குச் சொல்கிற பெட்டியும் நின்றது. யாரோ ஒருவர் "நாலு, அஞ்சு" என்று எண்ணத் தொடங்க மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள், மூச்சு முட்ட முட்ட 20 வரை எண்ணினோம். ஓய்வு வந்ததும் எண்ண ஒருவருக்கும் மூச்சில்லை. அந்த அமைதியில் ஒழுங்கைக்கு அப்பால் கடல் இரைவது கேட்டது, இத்தனை கிழமையும் பாட்டுச் சத்தத்தில் கேட்டதே இல்லை. காத்தான்குடி அக்கா முழங்காலில் கை ஊன்றியபடி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். 10 செக்கன் ஆனதோ கூடிவிட்டதோ, மிஸ் மெதுவாக "சரி, மறுகா" என்றார், எல்லோரும் குந்தினோம்.