வருசத்துக்கு நாலு ரெஸ்ட்

போன ஞாயிறு கொக்குவில்ல அக்கா வீட்டை போனனான். அக்காட மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயசு, மஞ்சள் பெனியனோட திரியிற ஆள், எந்த லீக்கில எந்த ரீமுக்கு ஆர் விளையாடினம், ஆரை எத்தினை கோடிக்கு எடுத்தவை எண்டு நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். சரியடா, ஐஞ்சு நாள் ரெஸ்ட் மட்ச் விளையாடுற இலங்கை ரீமில ஆரார் இருக்கினம் சொல்லு பாப்பம் எண்டன். நாலு பேரோட நிண்டிட்டான். பேந்து என்னைத் திருப்பிக் கேட்டான், "மாமா, அவை எப்ப விளையாடுறவை?"

எனக்கு உடன மறுமொழி வரேல்ல, ஏனெண்டால் அவன் கேட்டதில பிழையில்லை. 2025இல இலங்கை விளையாடினது மொத்தமா 4 ரெஸ்ட். அவுஸ்திரேலியாவோட காலியில இரண்டு, பங்களாதேசோட காலியில ஒண்டு, கொழும்பு எஸ்எஸ்சி மைதானத்தில ஒண்டு, ஜூனோட சரி, பிறகு வருசம் முடியும் வரைக்கும் ஒண்டும் இல்லை. அதே வருசம் இந்தியாவும் இங்கிலாந்தும் ஐஞ்சு மட்ச் விளையாடி ஐஞ்சாவது ஓவலில 6 ரன்னால முடிஞ்சு தொடர் 2க்கு 2 எண்டு வந்தது, உலகமே அதைப் பாத்துக்கொண்டு ரெஸ்ட் கிரிக்கெட் சாகேல்ல எண்டு எழுதிச்சு. ஓம், அவையளுக்குச் சாகேல்ல.

எனக்கு இந்த விளையாட்டு எப்பிடி வந்தது எண்டு அவனுக்குச் சொன்னன், இங்கயும் சொல்லோணும். 96 மார்ச் 17, உலகக்கிண்ண பைனல். எனக்குப் பத்து வயசு. 95 ஒக்ரோபர் 30 இரவு சண்டையால வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தால போன சனத்தோட நாங்களும் போய், சாவகச்சேரியில தூரத்துச் சொந்தம் ஒராளின்ர வீட்டுத் தாவாரத்தில இருந்தம். கரண்ட் இல்லை, பற்றறி தடை. ரேடியோ கேக்கிறதெண்டால் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவை டயரில முட்டவிட்டு, அதில இருந்து வயர் இழுத்து டயோட் போட்டு, ஒராள் கையால பெடலைச் சுத்திக்கொண்டே இருக்கோணும். மெள்ளச் சுத்தினால் சத்தம் இறங்கிப்போகும், கடுமையாச் சுத்தினால் கரகரக்கும், ஒரே மாதிரிச் சுத்தத் தெரிஞ்சவர் சித்தப்பாதான். லாகூரில அவுஸ்திரேலியா 241, எங்கட ஆக்கள் 23க்கு இரண்டு விக்கெட். சித்தப்பா பெடலை விட்டிட்டு எழும்பிப் போட்டார். நான் இருந்து சுத்தினனான், கை நோக நோகச் சுத்தினனான், கொஞ்ச நேரத்தில குருசிங்கவும் அரவிந்தவும் நிண்டு அடிக்கத் தொடங்க அவர் திரும்பி வந்து என்னைத் தள்ளிப்போட்டு இருந்தார். அரவிந்த 107 நொட் அவுட். அந்த வளவிலயே "எங்களுக்கு மேல குண்டு போடுறவன்ர ரீம், நிப்பாட்டு ரேடியோவை" எண்டு கத்தின ஆக்களும் இருந்தவை, அவையின்ர கோவத்திலயும் நியாயம் இருந்தது, நான் இண்டைக்கும் அதைப் பிழை எண்டு சொல்லமாட்டன். எண்டாலும் அந்த இரவு சித்தப்பா பெடலை நிப்பாட்டேல்ல.

அந்த உலகக்கிண்ணத்தில இன்னொரு விசயம் நடந்தது, இப்பத்தப் பெடியளுக்குச் சொன்னால் நம்பமாட்டினம். கொழும்பில மத்திய வங்கியில குண்டு வெடிச்சபிறகு அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வரமாட்டம் எண்டிச்சினம். அப்ப இந்தியாவும் பாகிஸ்தானும் சேந்து ஒரு ரீமை அனுப்பிச்சினம். ஒரே ரீம்! அசாருதீன் கப்டன், சச்சினும் வசீம் அக்ரமும் ஒரே பக்கத்தில நிண்டு பிரேமதாச மைதானத்தில இலங்கையோட விளையாடினவை, இங்க வந்து விளையாடலாம் எண்டு காட்டுறதுக்காக. அந்த இரண்டு நாடும் கடைசியா ஒரு ரெஸ்ட் விளையாடினது 2007 டிசம்பரில. 2025 ஆசியக் கிண்ணத்தில கை குடுக்கேல்ல, வெண்ட இந்திய ரீம் கிண்ணத்தை வாங்காமலே போனது. கிரிக்கெட் போர்ட்டுகளில இருக்கிறவை அரசியல்காரர், அவையின்ர சண்டை மைதானத்துக்குள்ள இறங்கி எங்கட மற்ற எல்லாத்தையும் விழுங்குது.

காசுக் கதைக்கு வாறன். 2024 தொடக்கம் 2027 வரைக்கும் ஐசிசி, உலக கிரிக்கெட்டை நடத்துற சபை, வருசத்துக்குப் பிரிக்கிற காசு கிட்டத்தட்ட 600 மில்லியன் டொலர். அதில இந்தியாவுக்கு நூற்றுக்கு 38.5, இலங்கைக்கு 4.52. காசு இந்தியாவில இருந்துதான் வருது எண்டு சொல்லுவினம், ஓம் வருது, அதை ஆரும் மறுக்கேல்ல, ஐபிஎல்லின்ர ஒளிபரப்பு உரிமை மட்டும் 5 வருசத்துக்கு 48,390 கோடி இந்திய ரூபாய். ஆனா ஒரு மட்ச் விளையாட இரண்டு ரீம் வேணும். எங்கட மாதிரி நாட்டுக்கு ரெஸ்ட் நடத்துறது நட்டம், ஐஞ்சு நாள் மைதானம், ஹோட்டல், கமரா எல்லாத்துக்கும் காசு, பாக்கிற சனம் குறைவு, அதால போர்ட் இரண்டு மட்சுக்கு மேல போகாது, இரண்டு மட்ச் எண்டால் ரீவிக்காரர் குறைச்சுத்தான் குடுப்பினம், குறைச்சுக் கிடைச்சால் அடுத்தமுறையும் இரண்டுதான். இதை ஒரு பக்கத்தால அறுக்கிறதெண்டால் அந்த 38.5இல கைவைக்காமல் அறுக்கேலாது.

விளையாடுறவையை நான் குறை சொல்லமாட்டன். மேற்கிந்தியத் தீவுகளின்ர நிக்கலஸ் பூரன் 29 வயசில சர்வதேச கிரிக்கெட்டே வேண்டாம் எண்டு போட்டார், அதே மாசம் தென்னாபிரிக்காவின்ர கிளாசனும் போனவர். ஒரு லீக்கில ஆறு கிழமையில வாற காசு தன்ர நாட்டுக்கு வருசம் முழுக்க விளையாடினாலும் வராதெண்டால், குடும்பம் வைச்சிருக்கிற மனிசன் என்ன செய்யும். எனக்கு உண்மையா நெஞ்சில குத்தினது 2024 பெப்ரவரி. தென்னாபிரிக்க போர்ட் தன்ர லீக் நடக்குது எண்டு நல்ல ஆக்களை எல்லாம் வீட்டில வைச்சுக்கொண்டு, முதல் ரெஸ்ட் விளையாடப் போற ஒருத்தரையே கப்டனாக்கி நியூசிலாந்துக்கு அனுப்பினது. ஆர் விட்டிட்டுப் போனது? விளையாட்டுக்காரர் இல்லை, போர்ட்.

ஆனா லீக்கெல்லாம் கூடாது எண்டு யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு நான் சொன்னால் அது நேர்மையில்லை. ஜப்னா எண்ட பேரை நெஞ்சில போட்டுக்கொண்டு ஒரு ரீம் மைதானத்துக்குள்ள இறங்கினது 2020இல எல்பிஎல் எண்ட இலங்கை லீக்கிலதான். முதல் வருசமே கிண்ணம், பிறகு 21, 22, 24. அந்த ரீமுக்கு வந்து லெக் ஸ்பின் போட்ட வியாஸ்காந்த், யாழ் மத்திய கல்லூரிப் பெடியன், 2024 மேயில சன்றைசர்ஸ் ஹைதராபாத்துக்கு ஐபிஎல்லில போல் போடேக்க எங்கட ஒழுங்கையில ஒரு வீட்டிலயும் ரீவி நிப்பாட்டி இருக்கேல்ல. வடக்கின் பெரும் போர், சென்றல் சென் ஜோன்ஸ் எண்ட இரண்டு பள்ளிக்கூடத்தின்ர மட்ச், 1904இல இருந்து நடக்குது. நூறு வருசத்துக்கு மேல இந்த மண்ணில பெடியள் வெள்ளை உடுப்போட விளையாடுறாங்கள், எத்தினை கெட்டிக்காரர் அந்த மைதானத்தோடயே முடிஞ்சு போனவை. தேசிய முறை திறக்காத கதவை லீக் திறந்தது, அது உண்மை, நன்றி சொல்லத்தான் வேணும்.

எண்டாலும் பாருங்கோ, நாலு கிண்ணம் எடுத்த ரீம் யாழ்ப்பாணத்தில ஒரு மட்ச்சும் விளையாடேல்ல. ஹம்பாந்தோட்டை, கண்டி, தம்புள்ளை, கொழும்பு. 2025 செப்ரெம்பர் 1 ஜனாதிபதி வந்து யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில இருக்கிற மண்டைதீவில சர்வதேச மைதானத்துக்குத் தொடக்கம் வைச்சவர். பண்ணைப் பாலத்தால போகேக்க அந்தப் பக்கம் ஒருக்காத் திரும்பிப் பாக்காமல் போறேல்ல நான். வருசத்துக்கு நாலு ரெஸ்ட் எண்டால் காலிக்கும் கொழும்புக்குமே காணாது, மண்டைதீவுக்கு எது வரப்போகுது?

எங்கட போர்ட்டின்ர கதையைச் சுருக்கமாச் சொல்லிப்போட்டு விடுறன், அதை எழுத எழுத எனக்கு அலுப்பு. 2023 நவம்பர் 2 உலகக்கிண்ணத்தில மும்பை வாங்கடேயில இந்தியாவிட்டை 55க்கு ஓல் அவுட், நாலு நாளில அமைச்சர் போர்ட்டைக் கலைச்சார், 10ஆம் திகதி ஐசிசி இலங்கையை இடைநிறுத்தினது. ஜனவரி 28 தடையை எடுத்தவை. ஆனா அதுக்குள்ள இங்க நடக்கவேண்டிய 19 வயசுக்குக் கீழ்ப்பட்டோர் உலகக்கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போயிட்டுது. பெரியாக்களின்ர சண்டைக்குப் பள்ளிக்கூடப் பெடியள் தண்டம் கட்டினவை. சொந்தச் சனத்துக்கு முன்னால ஒரு உலகக்கிண்ணம், அந்த வயசில ஒருக்காத்தான் வரும்.

2025 பெப்ரவரியில சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு காலிக்குப் போனனான். அவருக்கு 71 வயசு, இவ்வளவு காலமும் ஒரு ரெஸ்ட்டும் நேர பாத்ததில்லை. இரவு பஸ்ஸில கொழும்பு, கோட்டையில இருந்து கரையோர ரெயின், வழியெல்லாம் கடலைப் பாத்துக்கொண்டு ஒண்டும் பேசாமல் வந்தார். திமுத் கருணாரத்னவின்ர நூறாவது ரெஸ்ட், அதோட விடுறன் எண்டு சொல்லிப்போட்டார். வருசத்துக்கு நாலு மட்ச் எண்டால் ஃபோமை வைச்சிருக்கிறதும் கஷ்டம், மனசை வைச்சிருக்கிறதும் கஷ்டம் எண்ட மாதிரித்தான் அவரும் காரணம் சொன்னவர். அண்டைக்கு 36 அடிச்சு அவுட். கோட்டை மதிலில சனம் குடையோட இருந்து பாத்துக்கொண்டிருந்தது, காத்தில உப்பு. மத்தியானம் ஒரு மணித்தியாலம் ஒண்டுமே நடக்கேல்ல, அவுஸ்திரேலியாவின்ர ஸ்பின்னர் லயன் போடுறார், மட்டையால தடுக்கினம், போடுறார், தடுக்கினம். சித்தப்பா கதிரை நுனியில இருந்தவர். என்ர கையைத் தட்டி, "பாத்தியே, இப்ப போட்டது கொஞ்சம் மெதுவா வந்தது" எண்டார். 96இல ரேடியோவில அவருக்கு இது தெரிஞ்சிருக்காது. அந்த ஒரு மணித்தியாலம் எந்த லீக்கிலயும் இல்லை, நான் காப்பாத்தோணும் எண்டு சொல்லுறது அதைத்தான்.

ஞாயிறு பின்னேரம் மருமோனுக்கு போனில தென்னாபிரிக்காவோட விளையாடின டேர்பன் மட்சின்ர ஹைலைட்ஸைப் போட்டுக் காட்டினன், 2019 பெப்ரவரி. 304 வேணும், 226க்கு ஒம்பது விக்கெட், கடைசி ஆளா விஷ்வ பெர்னாண்டோ வாறார், ஜெயிக்க இன்னும் 78. குசல் பெரேரா ஸ்டெயினை, ரபாடாவை அடிக்க அடிக்க பெடியன் படுத்திருந்தவன் எழும்பி இருந்தான். விஷ்வ ஒவ்வொரு போலையும் தடுக்கேக்க கையைப் பொத்திக்கொண்டு இருந்தான், முடிவு எனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சும் "சொல்லாதேங்கோ மாமா" எண்டான். குசல் 153, விஷ்வ 6, ஒரு விக்கெட்டால வெற்றி. அடுத்த மட்சையும் வெண்டு தென்னாபிரிக்காவில தொடர் வெண்ட முதல் ஆசிய ரீம் எண்டு சொன்னன்.

"அப்ப மூண்டாவது மட்சைப் போடுங்கோ" எண்டான்.

மூண்டாவது இல்லையடா, அந்தத் தொடர் இரண்டு மட்ச்தான் எண்டன். ஏன் எண்டு கேட்டான். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சா, நான் 38.5இல இருந்து தொடங்கினனான்.