சர்க்கரை சேர்க்காத சர்க்கரைவள்ளிக்கிழங்கு: விருந்துக்கான தொடுகறி ஒன்றைச் செய்து பார்த்த அனுபவம்

விடுமுறை நாள் விருந்தில் தொடுகறிக்கென்று தனியாக நேரம் ஒதுக்குவது பெரும்பாலும் முடிவதில்லை. முக்கிய உணவே அடுப்பையும் சமைப்பவரின் கவனத்தையும் பிடித்துக்கொள்வதால், அதற்குப் பக்கத்தில் வைக்கும் கறி முதல் நாளே பாதி முடிந்துவிடுவதாகவும், கடைசி நேரத்தில் ஆள் நின்று கிளற வேண்டாததாகவும், பரிமாறுவதற்குள் சற்று ஆறினாலும் சுவை குன்றாததாகவும் இருக்க வேண்டும். சர்க்கரைவள்ளிக்கிழங்கு இதற்கெல்லாம் பொருந்தும் என்று எண்ணியே இதில் இறங்கினேன். கூடவே ஒரு நிபந்தனையையும் நானே விதித்துக்கொண்டேன்: சர்க்கரை, தேன் என்று எந்த இனிப்பையும் வெளியிலிருந்து சேர்ப்பதில்லை. விருந்தின் முடிவில் இனிப்புப் பண்டம் தனியாக வரத்தான் போகிறது; தொடுகறியும் அதே வேலையைச் செய்வது எனக்குப் பிடிப்பதில்லை.

ஆகவே இனிப்பு முழுவதும் கிழங்கிலிருந்தே வர வேண்டியிருந்தது. பச்சைக் கிழங்கில் மாவுச்சத்துதான் அதிகம். சமைத்த பிறகு நாம் உணரும் இனிப்பில் பெரும்பகுதி, சூடேறும்போது உள்ளேயே உருவாகும் மால்டோஸ் என்னும் சர்க்கரை. கிழங்கில் இயல்பாகவே உள்ள பீட்டா அமைலேஸ் என்ற நொதி, வெந்து இளகத் தொடங்கும் மாவுச்சத்தை மால்டோஸாக உடைக்கிறது. இந்த வேலை ஏறக்குறைய 60 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் மும்முரமாக நடக்கிறது. வெப்பம் அதற்கு மேல் போகப் போக நொதி செயலிழந்துவிடுகிறது. கிழங்கின் உட்பகுதி அந்த இடைவெளியை எவ்வளவு மெதுவாகக் கடக்கிறதோ அவ்வளவு இனிப்பு கிடைக்கும் என்பதே இதன் பொருள். மால்டோஸின் இனிப்பு சாதாரணச் சர்க்கரையின் இனிப்பில் பாதிக்கும் குறைவு என்பதால், அது நாக்கில் அடித்துத் தெரியாமல் நிதானமாகத் தெரிகிறது. தொடுகறிக்கு இதைவிட ஏற்ற இனிப்பு வேறு இல்லை என்பது என் கருத்து.

இதைச் சரிபார்க்க, ஒரே குவியலிலிருந்து எடுத்த ஆரஞ்சு நிறச் சதையுள்ள கிழங்குகளைப் பிரித்து வெவ்வேறு முறைகளில் சமைத்துச் சுவைத்துப் பார்த்தேன். மைக்ரோவேவில் வைத்தது சில நிமிடங்களில் வெந்துவிட்டது; ஆனால் நொதிக்கு வேலை செய்ய அவகாசமே கிடைக்காததால் மாவுச் சுவைதான் மேலோங்கியிருந்தது. துண்டுகளாக்கிக் கொதிநீரில் போட்டது அதைவிடச் சற்று இனித்தாலும், நீர் கோத்து, கரண்டி பட்டதும் குழைந்தது. 220 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் நேரடியாக வைத்தது வெளியே நன்றாகச் சிவந்தது. உள்ளே இனிப்பு குறைவாகவும் சதை சற்று வறண்டும் இருந்தது. அடுத்து, துண்டுகளைச் சுமார் 70 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் மூடி வைத்து, பிறகு வடித்துச் சுட்டேன். சுவையில் இதுவே முதலிடம் பெற்றது. ஆனால் வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு நீரின் சூட்டைக் காவல் காப்பது, வீட்டில் விருந்தினர் நிறைந்திருக்கும் நாளில் நடக்கிற காரியம் அன்று.

இறுதியில் நான் நிலைகொண்ட முறை மிக எளியது. வில்லைகளைத் தட்டில் பரப்பி, அலுமினியத் தாளால் இறுக மூடி, சூடாக்காத குளிர்ந்த ஓவனில் வைத்த பிறகே 220 டிகிரிக்குத் திருப்புகிறேன். ஓவன் சூடேற எடுத்துக்கொள்ளும் நேரமும், தாளுக்குள் அடைபட்ட ஈரப்பதமும் சேர்ந்து கிழங்கை மெல்ல மெல்லச் சூடாக்குவதால், வெந்நீர் முறையின் பலனில் பெரும்பகுதி எந்த மேற்பார்வையும் இல்லாமல் கிடைத்துவிடுகிறது. இந்த மிதமான வெப்பத்தில் கிழங்கின் செல்களைப் பிணைத்து வைக்கும் பெக்டின் என்ற பொருளும் சற்று உறுதிப்படுவதால், பின்னால் திருப்பிப் போடும்போது வில்லைகள் உடைவதில்லை. ஒரு கவனம் தேவை: சில ஓவன்களில் சூடேறும் கட்டத்தில் மேல் கம்பி செக்கச் சிவந்து எரியும்; அவற்றில் தட்டைக் கீழ் அடுக்கில் வைப்பது நல்லது.

ஆறு பேருக்கு ஒரு கிலோ கிழங்கு போதுமானது. ஏறத்தாழ ஒரே பருமனான, நீண்ட கிழங்குகளாகப் பொறுக்கினால் வில்லைகள் ஒரே நேரத்தில் வேகும். நடுவில் பருத்து நுனியில் கூம்பியவற்றை மசியலுக்கு ஒதுக்கிவிடலாம். வாங்கிய கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. 10 டிகிரிக்குக் கீழான குளிரில் சில நாட்கள் இருந்தாலே அதன் நடுப்பகுதி, எவ்வளவு வேகவைத்தாலும் மென்மையாகாமல் கட்டியாக நின்றுவிடக்கூடும். காற்றோட்டமுள்ள, வெயில் படாத இடமே போதும். தோல் சீவி 2 சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்கும்போது வெண்மையான பால் கசிந்து கையில் ஒட்டும். விரல்களில் முன்பே சிறிது எண்ணெய் தடவிக்கொண்டால் எளிதில் கழுவிவிடலாம். நறுக்கியதும் சமைக்காவிட்டால் நீரில் போட்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் கறுக்கும். ஆனால் தட்டில் வைக்கும் முன் துணியால் நன்றாக ஒற்றி எடுப்பது அவசியம்.

வில்லைகளுடன் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள் சேர்த்துப் பிசிறி, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்குகிறேன். வெண்ணெயை இந்தக் கட்டத்தில் தவிர்த்துவிடுவேன், ஏனெனில் அதிலுள்ள பாலின் திடப்பொருள்கள் இந்தச் சூட்டில் கருகிக் கசக்கும். மூடியபடி 30 நிமிடம். பிறகு தாளை எடுத்துவிட்டு, அடிப்புறம் ஓரங்களில் பழுப்பேறும் வரை ஏறத்தாழ 20 நிமிடம். ஒவ்வொன்றாகத் திருப்பிவிட்டு இன்னும் 20 நிமிடம். தாளை எடுக்கும்போது வெளிவரும் ஆவி முகத்தில் அடிக்கும் என்பதால் மறுபக்கத்திலிருந்து திறக்க வேண்டும். தட்டு நெருக்கமாக நிரம்பியிருந்தால் எழும் ஆவி வெளியேற இடமின்றி, வில்லைகள் சிவக்காமல் வெளுத்தே இருந்துவிடும். எனவே ஒரு கிலோவுக்கு மேல் போனால் இரண்டு தட்டுகளாகப் பிரித்து, திருப்பும் நேரத்தில் மேல் தட்டையும் கீழ் தட்டையும் இடம் மாற்றிக்கொள்வேன்.

விருந்து நாளுக்கு உண்மையில் கைகொடுப்பது இந்த இரண்டு கட்டப் பிரிவுதான். மூடிச் சமைக்கும் முதல் கட்டத்தை முதல் நாளே முடித்து, ஆறவிட்டு, மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம். பச்சைக் கிழங்குக்குத்தான் குளிர் ஆகாது, வெந்ததற்கு இல்லை. மறுநாள் முக்கிய உணவு ஓவனை விட்டு வெளியே வந்து, வெட்டுவதற்கு முன் ஆறிக்கொண்டிருக்கும் நேரத்தில், வில்லைகளை நேராகச் சூடான ஓவனில் வைத்துச் சிவக்க வைத்தால் போதும். குளிர்ந்த நிலையில் வைப்பதால் பக்கத்துக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். ஓவனே கிடைக்காத நிலையையும் சோதித்தேன்: கனமான இரும்பு வாணலியில் மூடிபோட்டு, மிகச் சிறிய தீயில் வேகவைத்து, பிறகு மூடியை எடுத்துத் தீயைக் கூட்டினால் ஏறக்குறைய இதே பலன் வருகிறது. ஒரு நேரத்தில் ஒரே அடுக்குதான் வைக்க முடியும் என்பதால் நான்கு பேருக்கு மேல் இது அலுப்பான வேலை.

இனிப்புக்கு எதிர்ச்சுவை தேவைப்பட்டது. பொடியாக நறுக்கிய வெங்காயத்தில் ஒன்றரை மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து கால் மணி நேரம் ஊறவைத்தால் அதன் காரம் தணிந்து, புளிப்பு ஏறுகிறது. இதனுடன் வறுத்த எள்ளும், இடித்த மிளகாயும், கிள்ளிய புதினா இலையும் சேர்த்து, பரிமாறும் தருணத்தில் மட்டுமே மேலே தூவுகிறேன். முன்கூட்டியே கலந்தால் சாறு இறங்கி, அரும்பாடுபட்டுச் சிவக்க வைத்த மேற்புறம் நொய்ந்துவிடும். தேனும் இலவங்கப்பட்டையும் சேர்த்த வடிவத்தைச் சிலர் விரும்புவார்கள் என்பதை அறிவேன். அதைச் சுவைத்த பிறகு மற்ற கறிகளின் உப்பும் காரமும் மங்கித் தெரிவதால் எனக்கு அது உடன்பாடில்லை.

மிஞ்சியவற்றை மறுநாள் 200 டிகிரி ஓவனில் பத்து நிமிடம் சூடாக்கினால் ஓரங்கள் மீண்டும் முறுகுகின்றன. அடுத்ததாக, வெளிர் நிறச் சதையுள்ள வகையை இதே முறையில் செய்து பார்க்க இருக்கிறேன். அது ஆரஞ்சு வகையைவிட ஈரம் குறைந்தது என்பதால், தாளால் மூடும் முன் தட்டில் இரண்டு மேசைக்கரண்டி நீர் தெளித்து, மூடிய கட்டத்தைப் பத்து நிமிடம் நீட்டித்துத் தொடங்குவதாகத் திட்டம்.