தம்மை விடும்போது: பேட்ச், கம், காபி, டீக்கடை

சிகரெட்டை விடும்போது உடம்பு கேட்பது நிகோடின். கையும் வாயும் டீக்கடை பெஞ்சும் கேட்பது வேறு. மெல்லும் நிகோடின் கம்மை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பழைய பெஞ்சிலேயே போய் உட்காருபவரும், வைராக்கியத்தை மட்டும் நம்பி எதுவுமே வாங்காதவரும் பாதிதான் செய்கிறார்கள்.

முதல் வாரம் எதையும் குறைக்க வேண்டாம். ஒவ்வொரு சிகரெட்டுக்கும் நேரம், இடம், கூட இருந்தது யார் என்று ஒரு துண்டுச்சீட்டில் குறித்தால் போதும். நாளுக்குப் பத்துக்கு மேல் போனால் தோலில் ஒட்டிக்கொள்ளும் 21 மி.கி. நிகோடின் பேட்ச்சும் 2 மி.கி. கம்மும் சேர்ந்து வேண்டியிருக்கும். பேட்ச் நாள் முழுக்க ஒரே சீராக நிகோடின் தரும். திடீரென்று கிளம்பும் தவிப்புக்குத்தான் கம். ஆறு வாரம் 21, பிறகு இரண்டிரண்டு வாரம் 14, 7 என இறக்குவது வழக்கம். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. பேட்ச்சோடு தூங்கிக் கண்டபடி கனவு வந்தால் படுக்கும் முன் கழற்றிவிடலாம்.

கம்மில்தான் பலரும் தப்புப் பண்ணுகிறார்கள். பபிள்கம் மாதிரி மென்றுகொண்டே இருந்தால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போகும். விக்கல், நெஞ்செரிச்சல்தான் மிச்சம். மெதுவாக மென்று, நாக்கில் சுரீரென்று காரம் ஏறியதும் நிறுத்தி, வெற்றிலையை அடக்குவதுபோல் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி நாலு மெல், அடுத்த பக்கம் ஒதுக்கு. இப்படி அரைமணி நேரம். காபி, எலுமிச்சை ஜூஸ், சோடா குடித்து 15 நிமிடம் ஆகாமல் போட்டால் காசு வீண். வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் ஈறில் இறங்காது.

காபி இன்னொரு விதத்திலும் காலை வாரும். சிகரெட் புகை காஃபீனைக் கல்லீரல் வேகமாகக் கழிக்க வைக்கிறது. புகை நின்றதும் அந்த வேகம் சில நாளில் குறைந்து, அதே நாலு டம்ளர் ஏறக்குறைய எட்டு டம்ளர் வேலையைச் செய்யும். கைநடுக்கம், படபடப்பு, தூக்கமில்லாத ராத்திரி. ‘தம் இல்லாததால்தான்’ என்று நினைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். காபியைப் பாதியாக்கினாலே இதில் பெரும்பகுதி அடங்கும். மலச்சிக்கலும் வரும், யாரும் சொல்வதில்லை; தண்ணீரும் கீரையும் கூட்ட வேண்டும்.

இனி அந்தத் துண்டுச்சீட்டு. அதிகம் வரும் மூன்று இடங்களை மட்டும் மாற்றினால் போதும். பதினொரு மணி டீ என்றால் மூன்று வாரம் அது ஃபிளாஸ்க்கில் வரட்டும். சாப்பாட்டுக்குப் பின் என்றால் இலையை எடுத்ததும் எழுந்து பல் துலக்கிவிடலாம். தவிப்பு ஒரு தடவை வந்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் உச்சத்தில் நிற்பது அபூர்வம். தெருமுனை வரை போய்வரத் தணியும். சரக்கடிக்கும் இடம்தான் ஆபத்து. முதல் மாதம் அந்தப் பக்கமே போகாதிருப்பது நல்லது.

நடுவில் ஒன்று பிடித்துவிட்டால் பேட்ச்சைப் பிய்த்து எறிய வேண்டாம். எந்த நேரம், எங்கே என்று அதே சீட்டில் எழுதிவிட்டு, அடுத்த தவிப்புக்குக் கம்மைப் போடுங்கள். கடைசிப் பாக்கெட்டைக் குப்பையில் போடும் முன் அதில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச ஆலோசனை எண்ணை மட்டும் கிழித்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.